ஸ்ரார்ட் ஆகாத கார் உங்கள் நண்பன்

(ஸ்காபுறோவில் நடந்த மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைத் தட்டச்சு செய்த தம்பி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, தலைப்பு இதுதானோ? எஞ்சின் ஒயில்தானோ?" என்று இரண்டு தரம் கேட்டார். போன மாதம் இதே இடத்தில் ஒருவர் கம்பனைப் பற்றிப் பேசி உங்களைக் கண்கலங்க வைத்திருக்கிறார். அவர் நின்ற இடத்தில் ஒயில் கானோடு வந்து நிற்க எனக்கும் கூச்சம்தான். என்றாலும் கார்த்திகை முடியப்போகிறது. இன்னும் ஐந்தாறு கிழமையில் உங்களில் பாதிப்பேர் விடியற்காலையில் திறப்பைத் திருப்பிவிட்டு, கார் முனகுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள். அந்த முனகலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1994 கடைசியில் நான் வின்னிபெக்கில் போய் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் ஒரு கராஜில் வேலை செய்தவன். கையில் தொழில் இருக்கிறது என்ற தலைக்கனம் வேறு. எண்ணூறு டொலருக்கு ஒரு பழைய கார் வாங்கி என் கையாலேயே ஒயில் மாற்றினேன். ஊரில் என் முதலாளிக்கு ஒயில் என்றால் 20டபிள்யூ-50 தான். மொறிஸ் மைனர் வந்தாலும் அதுதான், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வந்தாலும் அதுதான். தடிப்பான ஒயில் எஞ்சினுக்கு மெத்தை போட்டதுபோல என்பார். வின்னிபெக் கடையிலும் அந்தக் கான் இருந்தது, மலிவாகவும் இருந்தது. வாங்கி ஊற்றினேன்.

தை மாதம் ஒருநாள் விடிய ஐந்து மணி, வெளியே மறை 24 பாகை. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரரின் டிரக்கிலிருந்து கேபிள் போட்டோம். மூன்றாம் முறை மெல்ல மெல்ல உருண்டு, ஒருபடியாகப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பெரிய சந்தோஷம். சிவப்பு ஒயில் விளக்கு மட்டும் அணையவில்லை. குளிர்தானே, சூடானால் அணையும் என்று அக்சிலேற்றரை மிதித்தேன். முதலில் மேலேயிருந்து டிக் டிக் என்று சத்தம், பிறகு கீழேயிருந்து டொங் டொங் என்று சத்தம். நான்கு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

இழுவை வண்டியில் கொண்டுபோன கராஜின் சொந்தக்காரர் உக்ரேன் வழிவந்த கிழவர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து சொன்னார்: உன்னுடைய கார் இன்று காலை ஸ்ரார்ட் ஆகாமல் விட்டிருந்தால், உனக்கு இப்போது ஒரு கார் இருந்திருக்கும். அவரிடமே பிறகு ஆறு வருடம் வேலை செய்தேன். அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள அதில் ஒரு வருடம் போனது.

அதை உங்களுக்கு விளக்க நான் சமையலறைக்குள் போகவேண்டும். ஊரில் மார்கழி மாதக் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்துபோய் நிற்கும். அம்மா அதை முற்றத்து வெயிலில் வைப்பார். பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் எண்ணெய், இரண்டுக்கும் ஒரே குளிர். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே கட்டிபடத் தொடங்கும். நல்லெண்ணெய்க்கு அது குளிரே இல்லை. ஆகவே எண்ணெய் குளிரில் என்ன செய்யும் என்பது குளிரை மட்டும் பொறுத்ததல்ல என்று எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கடையில் எந்தக் கான் மலிவு என்று பார்க்கிறோம்.

நிலத்தடி எண்ணெயிலிருந்து வடித்தெடுக்கிற எஞ்சின் ஒயிலில் மெழுகு இருக்கிறது. மெழுகுதிரி செய்கிற அதே இனம். எவ்வளவு சுத்திகரித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். குளிரக் குளிர அது ஊசி ஊசியாகப் படிகமாகி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலைபோல நிற்கும். எண்ணெய் அந்த வலைக்குள் அகப்பட்டுவிடும். வெறுமனே தடிப்பது ஒன்று, இப்படிக் கட்டிபடுவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒயில் கானில் எழுதியிருக்கிற எண்கள் தானாகவே பேசும்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் நிறை என்று நினைப்பவர்கள் உண்டு. அது விண்டர் என்ற சொல்லின் முதலெழுத்து. அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கம் 1911 இலேயே ஒயில்களைத் தடிப்பின்படி தரம்பிரிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது நடைமுறையில் உள்ள தரத்துக்கு ஜே300 என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பிசுக்குமை என்று படித்தோமே, அதைத்தான் அளக்கிறார்கள். டபிள்யூவுக்குப் பின்னால் நிற்கிற 30, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, 100 பாகையில், ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதற்கான அடையாளம். முன்னால் நிற்கிற 5 குளிர்காலத்துக்குரியது. 5 என்பது பாகை அல்ல, வெறும் பெயர்.

அந்தப் பெயரை வாங்க ஒயில் இரண்டு சோதனை பாஸ் பண்ணவேண்டும். முதலாவது, ஸ்ரார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற ஒயில் விடுகிறதா என்பது. 5டபிள்யூ ஒயிலை மறை 30 பாகைக்குக் குளிர்த்தி அளப்பார்கள். 6,600 மில்லிபஸ்கால் செக்கனுக்கு மேலே போகக்கூடாது. தண்ணீர் இதே அளவையில் 1. அறையில் இருக்கிற தேன் கிட்டத்தட்ட அந்த ஆறாயிரம் பக்கம் வரும். அதாவது தேனுக்குள் எஞ்சினைச் சுழற்றுகிறோம். 0டபிள்யூ என்றால் இந்தச் சோதனை மறை 35 பாகையில், 10டபிள்யூ என்றால் மறை 25 இல். என் தலைவிதியாகிய 20டபிள்யூவுக்கு மறை 15 இல்.

இரண்டாவது சோதனைதான் கிழவர் சொன்ன வசனத்தின் பொருள். எஞ்சின் சுழன்றுவிட்டது சரி, அடியில் இருக்கிற சம்பிலிருந்து ஒயிலை பம்ப் மேலே இழுக்குமா? அதை இன்னும் 5 பாகை கூடக் குளிர்த்திப் பார்ப்பார்கள். 5டபிள்யூவுக்கு மறை 35. அங்கே 60,000 வரைக்கும் போகலாம், அதாவது ஊரில் பழசாகி இறுகிப்போன பனம்பாணியைப் போல. ஆனால் கட்டிபட மட்டும் கூடாது.

ஏன் அந்த 5 பாகை வித்தியாசம்? இதில்தான் எனக்கு அந்தப் பொறியியலாளர்கள்மேல் மரியாதை வருகிறது. ஒயில் ஓடமுடியாத நிலைக்குப் போகமுதலே எஞ்சின் சுழலமுடியாத நிலைக்குப் போய்விடவேண்டும் என்பதுதான் கணக்கு. கார் முதலில் மறுக்கவேண்டும். "இன்றைக்கு என்னால் ஏலாது, என்னை விடு" என்று அது சொன்னால் உங்களுக்குப் போவது ஒருநாள் சம்பளம். மறுக்காமல் எழும்பி, ஒயில் இல்லாமல் ஓடினால் போவது எஞ்சின். நான் செய்தது அந்த மறுப்பைப் பக்கத்து வீட்டு டிரக்கின் பற்றரியால் அடித்து வாயடைத்தது.

இந்தக் கணக்குப் பிழைத்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், சவுத் டகோட்டா மாநிலத்தில் சூ ஃபோல்ஸ் என்று ஒரு நகரம். 1980-81 குளிர்காலத்தில் அங்கே எஞ்சின்கள் நாசமாயின. விசாரித்தால், ஊற்றிய ஒயில் அன்றைய சோதனைகளைப் பாஸ் பண்ணிய ஒயில். கார்கள் ஸ்ரார்ட்டும் ஆகியிருக்கின்றன. குற்றவாளி அந்த நாட்களின் வெப்பநிலை போன விதம். சடாரென்று குளிரவில்லை, மெழுகு படிகமாகிற இடத்தில் ஆறுதலாக நின்று நின்று குளிர்ந்தது. மெழுகுக்கு வலை பின்ன நேரம் கிடைத்துவிட்டது. ஆய்வுகூடத்தில் வேகமாகக் குளிர்த்திப் பார்த்தவர்களுக்கு அந்த வலை தெரியவில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கும்? சட்டித் தயிரை நினையுங்கள். கரண்டியால் ஒரு பக்கத்தில் அள்ளினால் அந்தக் குழி அப்படியே நிற்கும். பக்கத்துத் தயிர் வந்து குழியை நிரப்பாது. சம்புக்குள் பம்பின் குழாய் ஒருவாய் ஒயிலை உறிஞ்சியதும் அங்கே அப்படி ஒரு குழி விழும். அடுத்த வாய்க்கு வருவது காற்று. சம்ப் நிறைய ஒயில் இருக்கும், பெயரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. இதற்குப் பிறகுதான் ஒயிலை இரண்டு நாளளவுக்கு மெல்ல மெல்லக் குளிர்த்திப் பார்க்கிற புதிய சோதனை வந்தது. இன்றைக்கு நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு டபிள்யூவும் அந்தச் சூ ஃபோல்ஸ் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது.

அதே குளிர்காலத்தில், 1981 ஜனவரி 4 ஆம் திகதி, இங்கே பியர்சன் விமான நிலையத்தில் மறை 31.3 பாகை பதிவானது. அந்த நிலையத்தின் பதிவில் அதுதான் மிகக் குறைவு. இதை வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்கு 5டபிள்யூ தாராளமாகக் காணும். 10டபிள்யூ பெரும்பாலான நாட்களில் சமாளிக்கும், பிடிவாதமான இரவொன்றில் கையைக் கடிக்கும். வின்னிபெக், எட்மன்ரன் பக்கம் மகனையோ மகளையோ படிக்க அனுப்பியவர்கள் 0டபிள்யூ என்று சொல்லிவிடுங்கள். இரவு மறை 30 க்குக் கீழே போவது அங்கே செய்தியே இல்லை.

காற்றைப் பற்றி ஒன்று. வானொலியில் "மறை 18, காற்றோடு சேர்த்து மறை 30 போல உணரப்படும்" என்பார்கள். உணர்வது உங்கள் தோல். எஞ்சினுக்குத் தோல் கிடையாது. காற்று அதை வேகமாகக் குளிர்த்தும், அவ்வளவுதான். வெளியே மறை 18 என்றால் ஒயிலும் மறை 18 வரைதான் போகும். காற்றுக் கணக்கைக் கேட்டுப் பயந்து விலைகூடிய ஒயில் வாங்கவேண்டாம்.

லொறி ஓட்டுகிற தம்பிமார் இரண்டு மூன்று பேர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் உலகத்தில் 15டபிள்யூ-40 என்பது வேதம். அது மறை 20 க்கும் மறை 25 க்கும் இடையில் முடிகிற வேதம். மனிற்றோபாவுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் சரக்கேற்றுகிறவர்கள், எஞ்சின் செய்தவன் அனுமதித்தால், 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 க்கு மாறிவிடுங்கள்.

சரி, இனி சண்டைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். "பூச்சியம் டபிள்யூ என்றால் தண்ணீர் மாதிரி, எஞ்சின் தேய்ந்துபோகும்" என்று சொல்லாத சித்தப்பாவே எங்கள் சமூகத்தில் இல்லை. சித்தப்பா, 0டபிள்யூ-30 உம் 5டபிள்யூ-30 உம் சூடான எஞ்சினுக்குள் ஒரே தடிப்பு வட்டத்துக்குள் நிற்கின்றன. இரண்டுக்கும் பின்னால் 30 தானே? ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஐ எடுத்தால், 100 பாகையில் அதன் தடிப்பு எண் பத்துப் பதினொன்று. 40 பாகையில் அதுவே அறுபதுக்குக் கிட்ட. பூச்சியத்தில் சில நூறு. குளிரில் எந்த ஒயிலும் எஞ்சினுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு தடிப்பாகத்தான் இருக்கிறது. 0டபிள்யூ அந்த மிதமிஞ்சிய தடிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. குளிரில் இளக்கமான ஒயில் என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை.

ஆனால் சித்தப்பா முழுவதும் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். பின்னால் நிற்கிற எண் 20 க்கும் 16 க்கும் இறங்கி வந்ததற்குக் குளிர் பெரிய காரணமல்ல. எரிபொருள் சிக்கனச் சட்டம்தான் பெரிய காரணம். இளக்கமான ஒயிலில் எஞ்சின் கொஞ்சம் லேசாகச் சுழலும், ஒரு விழுக்காடோ அரை விழுக்காடோ பெற்றோல் மிச்சம்; கோடிக்கணக்கான கார்களுக்கு அது பெரிய தொகை. அதனால்தான் ஒரே எஞ்சினுக்குக் கனடாக் கையேட்டில் 0டபிள்யூ-20 மட்டும் இருக்கும், சூடான நாடுகளுக்குப் போகிற கையேட்டில் இன்னும் நான்கு தடிப்புகளுக்கு இடம் இருக்கும். ஆனாலும் இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகள் அந்த இளக்கத்துக்கென்றே அளந்து செய்யப்பட்டவை. கையேட்டில் இருப்பதையே ஊற்றுங்கள். சில ரொயோட்டாக் கையேடுகளில் ஒரு நல்ல வரி இருக்கிறது: 0டபிள்யூ-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-20 விடலாம், ஆனால் அடுத்த தடவை மாற்றும்போது 0டபிள்யூ-20 க்குத் திரும்பவேண்டும். அவசரத்துக்கு வழியும் விட்டு, பழக்கமாகவும் விடாத வரி.

இப்போது சிந்தெற்றிக், அதாவது செயற்கை ஒயில். இது வருமுன் மனிதர்கள் குளிரை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டியவர்கள் இரவில் இறங்கியதும் முதல் வேலையாக எஞ்சின் ஒயிலைச் சூட்டோடு தகரத்தில் இறக்கிக் குடிசைக்குள் கொண்டுபோவார்கள். காலையில் அடுப்பில் சூடாக்கி, எஞ்சினைச் சுற்றிக் கன்வஸ் கட்டி அடியில் தீயும் வைத்துவிட்டுத்தான் ஒயிலைத் திரும்ப ஊற்றுவார்கள். இரண்டாம் உலகப்போர் விமானங்களில் இன்னொரு தந்திரம் இருந்தது. எஞ்சினை நிறுத்தமுதல் ஒயிலுக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் பெற்றோலைக் கலந்துவிடுவார்கள். காலையில் இளகி இருக்கும். எஞ்சின் சூடானதும் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். இந்தத் தந்திரத்தை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருவேன்.

ஜெட் விமானத்துக்குச் செயற்கை ஒயில் வந்த பிறகு, அதைக் காருக்கு ஏன் விடக்கூடாது என்று யோசித்தவர்களில் அல் அமற்றூசியோ ஒருவர். மினசோட்டாவில் போர் விமானப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். எங்கள் வின்னிபெக்குக்குத் தெற்கே, அதே குளிர். 1972 இல் அவருடைய அம்சொயில்தான் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமாகிய ஏ.பி.ஐ. கார்களுக்கு வைத்த தரத்தை எட்டிய முதல் சிந்தெற்றிக். இரண்டு வருடத்தில் மொபில் 1 வந்தது. அந்த ஒயில்கள் எதிலீன் போன்ற சின்ன மூலக்கூறுகளிலிருந்து கட்டியெழுப்பியவை, ஆகவே உள்ளே மெழுகே இல்லை. பிறகு வேறு நிறுவனங்கள் நிலத்தடி எண்ணெயையே ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகப் பதப்படுத்தி, மெழுகின் உருவத்தையே மாற்றி, அதையும் சிந்தெற்றிக் என்று விற்றன. மொபில், அவற்றில் ஒன்றான காஸ்ரோலுக்கு எதிராக விளம்பரத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1999 இல் காஸ்ரோல் பக்கம் தீர்ப்பானது. அன்றிலிருந்து வட அமெரிக்காவில் சிந்தெற்றிக் என்ற சொல் அது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. எனக்கு அதில் மனக்குறை இல்லை. எழுதியிருக்கிற டபிள்யூ உண்மையாக இருந்தால், அது எந்த வயிற்றில் பிறந்தால் எனக்கென்ன? 0டபிள்யூ தரத்தை வெறும் பழைய மினரல் ஒயிலால் எட்டமுடியாது. அந்த எண்ணை வாங்கினால் சிந்தெற்றிக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். கானில் ஏ.பி.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒயிலைச் சரியாகத் தேர்ந்துவிட்டு அதைக் கெடுக்கிற பழக்கம் ஒன்று எங்களுக்கு உண்டு. வீட்டிலிருந்து கோயில் ஐந்து நிமிடம். கோயிலிலிருந்து தமிழ்க் கடை மூன்று நிமிடம். அங்கே அரைமணி நேரம் கதை. பிறகு வீடு. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக ஆவியாகாது. கணினி அதை ஈடுகட்ட இன்னும் கூடப் பெற்றோல் கொடுக்கும். எரியாத பெற்றோல் பிஸ்ரன் பக்கமாக வழிந்து சம்புக்குள் போகும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கும். அதில் ஒரு பங்கும் உள்ளே போய் நிற்கும். ஒயில் மூடியைத் திறந்தால் பாலாடைபோல வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அது இதுதான். கண்டவுடன் எஞ்சின் முடிந்தது என்று அழவேண்டாம். சூடுகாட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்றும் நம்பவேண்டாம். அது தண்ணீரின் சூடு. ஒயில் சூடாக இன்னும் நெடுநேரம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1990 க்குப் பிறகு இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி, டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் கூடியிருக்கும். முதல்முறை கண்ட ஒருவர் முதலாளியிடம் வந்து, "அண்ணை, என்ரை கார் ஒயில் சுரக்குது" என்றார். முதலாளி டிப் ஸ்ரிக்கை மூக்கில் வைத்துவிட்டு, "தம்பி, விளக்குக்கு விடலாம்" என்றார். 2018 இல் ஹொண்டாவின் சிறிய ரேர்போ எஞ்சின்களில், வட சீனாவின் குளிரிலும் இங்கேயும், ஒயில் மட்டம் ஏறுகிறது என்று பெரிய சத்தம் எழுந்தபோது எனக்கு அந்தக் கராஜ்தான் ஞாபகம் வந்தது. போர் விமானத்தில் வேண்டுமென்று செய்ததும் இதே கலப்புத்தான். அங்கே விமானம் மணிக்கணக்காகப் பறந்து அந்தப் பெற்றோலை ஆவியாக்கியது. உங்கள் கார் தமிழ்க் கடையோடு நின்றுவிடுகிறது. கிழமைக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடுங்கள். மாதமொருமுறை டிப் ஸ்ரிக்கை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஒயிலைக் காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். வாசலில் இருபது நிமிடம் ஸ்ரார்ட்டில் விட்டு வைப்பதும் இதே நோயைத்தான் கூட்டும். அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு, மெல்ல ஓடத் தொடங்குங்கள்.

பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. மறை 18 பாகையில் அதன் வலு பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரத்தில் ஒயில் தடித்து நிற்கும். ஆக, முனகுவது எது என்று பார்க்காமல் பற்றரியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கிற புளொக் ஹீற்றர் ரொறன்ரோவில் பலருக்குத் தெரியாது. மேற்கே காரின் முகத்தில் வயர் தொங்கும், கார் தரிப்பிடங்களில் செருகியும் இருக்கும். நோர்த் டகோட்டாவின் அன்ட்ரூ ஃபிரீமன் என்பவர் 1949 இல் காப்புரிமை எடுத்த யோசனை. இரவு முழுக்கச் செருகி வைக்கத் தேவையில்லை. புறப்பட மூன்று நான்கு மணித்தியாலம் முன்பு பிடிக்கிற மாதிரி ரைமர் போட்டால் போதும்.

கேள்விகளுக்கு முன் ஒன்று. உங்கள் கராஜின் மூலையில் ஒரு பனிவாரும் மெசின் நிற்கிறது. அதற்கும் எஞ்சின் இருக்கிறது, அதற்கும் ஒயில் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு 5டபிள்யூ-30. வாங்கிய நாளிலிருந்து அந்த ஒயிலை மாற்றியவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

இரண்டு பேர். பின்னாலிருக்கிற அக்காவும் சேர்த்து மூன்று பேர்.